ஒரு சத்தம் பழகிப்போகிறது, இன்னொன்று ஏன் பழகவே மாட்டேன் என்கிறது?

#1 நீலவானம்

எல்லோருக்கும் வணக்கம். சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக், மின்விசிறியின் இரைச்சல், தூரத்துச் சாலையின் ஓசை எல்லாம் கொஞ்ச நாளில் காதில் விழாமலே போய்விடுகின்றன. ஆனால் மேல்மாடியில் நாற்காலியை இழுக்கும் சத்தம் மட்டும் ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடுகிறது. "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள் வீட்டில். எனக்கோ போகப் போக எரிச்சல்தான் ஏறுகிறது. சத்தம் ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன், நின்ற பிறகு வருவேன். மூளை எதற்குப் பழகும், எதற்குப் பழகாது என்பதற்கு ஏதாவது விதி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 உயிரியல்மாணவி

விதி இருக்கிறது, அதுவும் நன்றாகவே சோதித்துப் பார்த்த விதி. 1966-இல் ரிச்சர்ட் தாம்சன், ஆல்டன் ஸ்பென்சர் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, பழக்கமாதலுக்கு 9 அடையாளங்களை எழுதிவைத்தார்கள். 2009-இல் அந்தப் பட்டியலைத் திருத்தி, பத்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். இன்றும் இந்தத் துறையில் யார் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

உங்கள் கேள்விக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். தூண்டல் மெலிதாக இருந்தால் சீக்கிரம் பழகும். மிகவும் பலமாக இருந்தால் பழகாமலே போகலாம். அடுத்தடுத்து வந்தால் வேகமாகப் பழகும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி வந்தால், அடங்கியிருந்த துலங்கல், அதாவது தூண்டலுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை, தானாகவே திரும்பி வரும். நடுவில் வேறொரு பலமான தூண்டல் வந்தாலும் பழைய துலங்கல் மீண்டுவிடும்.

கடிகாரம் மெல்லிய ஒலி, ஒரே சீரான இடைவெளி, நாள் முழுக்க ஓடுகிறது. நாற்காலி உரத்த ஒலி, எப்போது வரும் என்று தெரியாது, ஒரு தடவை இழுப்பதற்கும் அடுத்த தடவை இழுப்பதற்கும் நீளமும் சுருதியும் வேறு. மூளைக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை.

#3 பழையவாசகர்

ஒரு சந்தேகம் தங்கச்சி. இதற்கு இவ்வளவு பெரிய விளக்கம் வேண்டுமா? ஒரே சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது அலுத்துவிடுகிறது, அவ்வளவுதானே? வாசனைத் திரவியம் பூசியவருக்கே பத்து நிமிடத்தில் அந்த வாசனை தெரிவதில்லை. மூக்கு சோர்ந்துவிட்டது என்றுதானே சொல்கிறோம்?

#4 உயிரியல்மாணவி

நல்ல கேள்வி ஐயா. மூக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது பெருமளவு சரி, அங்கே வாசனையை வாங்கும் செல்களே மந்தமாகிவிடுகின்றன. பழக்கமாதல் அதிலிருந்து வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் அருமையான வழி உண்டு. மாஸ்கோவில் எவ்கெனி சொகலோவ் என்ற ஆய்வாளர் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, கேட்பவரின் துலங்கல் அடங்கும்வரை காத்திருந்தார். அப்புறம் அதே ஒலியைச் சற்றே *மெலிதாக* ஒலிக்கவிட்டார். துலங்கல் பளிச்சென்று திரும்பி வந்தது. ஒலியை வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறுத்தினால், அது நின்ற அந்தக் கணத்தில் துலங்கல் வந்தது. காது சோர்ந்திருந்தால் மெல்லிய ஒலிக்கு எப்படி விழித்துக்கொள்ளும்? வராத சத்தத்துக்கு எப்படித் திடுக்கிடும்? மூளை அந்த ஒலியின் அச்சு ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது என்றார் சொகலோவ். பொருந்தினால் பேசாமல் இருக்கும், பொருந்தாவிட்டால் எழுப்பிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி நின்ற நொடியில் உங்களுக்கு விழிப்பு வருகிறதே, அதுவும் இதுதான்.

இன்னொரு சான்று ஏப்லிசியா என்ற கடல் முயலில் இருந்து வருகிறது. ஓடில்லாத நத்தை போல இருக்கும். அதன் சைஃபன் குழாயின் தோலில் லேசாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் பீய்ச்சினால் இழுப்பு குறைந்துகொண்டே வரும். எரிக் காண்டெலின் குழு 1970-இல் இந்த அனிச்சைச் செயலின் நரம்புச் செல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தது. தசையில் களைப்பு இல்லை, இயக்கு நரம்பை நேரடியாகத் தூண்டினால் செவுள் முழு வேகத்தில் சுருங்குகிறது. தோலின் உணர்வு நரம்பும் சேதியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அது இயக்கு நரம்பைத் தொடும் சினாப்ஸில் மட்டும், கடத்தும் வேதிப்பொருள் முன்பைவிடக் குறைவாக வெளியாகிறது. மாறியது அந்த ஒரு சந்திப்பு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீதம் நான்கு நாள் தொடர்ந்து தூண்டினால் அந்த மாற்றம் வாரக்கணக்கில் நிற்கிறது. பிற்பாடு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அப்படிப் பழகிய விலங்குகளில் சினாப்ஸ்களின் எண்ணிக்கையே குறைந்திருந்தது. காண்டெலுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்ததற்குக் கடல் முயலில் நினைவைத் தேடிய இந்த வரிசை ஆய்வுகள்தான் அடித்தளம்.

பழக்கமாதலைச் சோர்வு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. உயிர்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இது.

#5 ஓடைநீர்

"முதல் பாடம்" என்றது மெய்தான். 1887-இலேயே ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் தம்பதி சிலந்தியிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். வலையில் இருக்கும் சிலந்திக்கு அருகில் இசைக்கவையைத் தட்டிப் பிடித்தால், அது பயந்து நூலைப் பிடித்தபடி தொபுக்கென்று கீழே இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் ஏறி வரும். மறுபடி தட்டினால் மறுபடி இறங்கும். இப்படியே செய்யச் செய்ய, இறங்கும் தூரம் குறைந்து, கடைசியில் அசையாமல் உட்கார்ந்திருக்குமாம்.

நரம்பே இல்லாத உயிர்களிலும் இருக்கிறது. ஸ்டென்டர் என்பது ஒரே ஒரு செல். தட்டினால் சுருங்கும், தட்டிக்கொண்டே இருந்தால் சுருங்குவதை விட்டுவிடும். தொட்டாற்சிணுங்கியை வைத்து 2014-இல் மோனிக்கா காலியானோ குழு செய்த சோதனை நிறையப் பேசப்பட்டது. தொட்டியோடு செடியைச் சிறிது உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். முதலில் இலை மூடியது, பிறகு மூடவில்லை. பக்கவாட்டில் குலுக்கினால் மட்டும் மூடியது, ஆகவே களைப்பு காரணமில்லை என்றார்கள். எல்லோரும் இதை ஏற்கவில்லை, களைப்பைச் சரியாக விலக்கவில்லை என்று எதிர்ப்பும் வந்தது. செடி விஷயத்தில் நான் கொஞ்சம் பொறுத்தே பேசுவேன். ஸ்டென்டர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இல்லை.

#6 உள்ளொலி

நான் உளவியல் ஆலோசகர். நீலவானத்தின் "போகப் போக எரிச்சல் ஏறுகிறது" என்ற வரிக்கு வருகிறேன், யாரும் அதைத் தொடவில்லை.

தூண்டல் திரும்பத் திரும்ப வரும்போது உள்ளே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று துலங்கலை அடக்குகிறது. இன்னொன்று உடம்பு முழுவதையும் உசுப்பி, துலங்கலைக் கூர்மையாக்குகிறது. வெளியே தெரிவது இரண்டும் சேர்ந்த விளைவு. 1970-இல் குரோவ்ஸும் தாம்சனும் முன்வைத்த கருத்து இது. இதற்கு 1974-இல் மைக்கேல் டேவிஸ் வெளியிட்ட எலிச் சோதனையைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. இரண்டு கூட்டம் எலிகளுக்கும் அதே உரத்த ஒலி, அதே எண்ணிக்கை. பின்னணி இரைச்சல் மட்டும் ஒரு கூட்டத்துக்கு 60 டெசிபல், இன்னொன்றுக்கு 80. 60-இல் இருந்தவை திடுக்கிடுவது குறைந்துகொண்டே போனது. 80-இல் இருந்தவை ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகத் துள்ளின. ஒலி ஒன்றுதான், அது வந்து விழுந்த நிலைமை வேறு.

தூக்கம் குறைந்து, வேலை அழுத்தத்தோடு, "எப்போ இழுக்கப் போறாங்களோ" என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் 80 டெசிபல் எலியின் இடத்தில்தான் இருக்கிறார். அவரிடம் போய்ப் பழகிவிடும் என்று சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று, நீங்கள் எழுந்து வெளியே போவதைப் பற்றி. 2008-இல் நெல்சன், மேவிஸ் இருவரும் ஆட்களுக்கு வாக்குவம் கிளீனர் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். நடுவில் இடைவேளை விட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். இடைவேளை கிடைத்தவர்களுக்கு அதன் பிறகு கேட்ட சத்தம் இடைவிடாமல் கேட்டவர்களைவிட அதிக எரிச்சலைத் தந்தது. உயிரியல்மாணவி சொன்ன "தானாகத் திரும்பும் துலங்கல்" இதுவே. இனிமையான விஷயத்தில் இதையே நமக்குச் சாதகமாக்கலாம், மசாஜுக்கு நடுவில் இடைவெளி விட்டபோது சுகம் கூடியது.

#7 பழையவாசகர்

அப்படியானால் எழுந்து போகாமல் சகித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்கிறீர்களா? அது எனக்கு ஒப்பவில்லை.

#8 உள்ளொலி

இல்லை ஐயா, அதை நான் சொல்லமாட்டேன். பழகுவது என்பது முழு உடம்பும் பழகுவது ஆகாது. இரவில் வாகன இரைச்சலில் தூங்குபவர்களை ஆராய்ந்ததில், கொஞ்ச நாளில் அவர்கள் விழித்துக்கொள்வது குறைகிறது. "எனக்குக் கேட்பதே இல்லை" என்று மனதாரச் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் இதயத் துடிப்பு எகிறுவது அந்த அளவுக்குக் குறைவதில்லை. சாலை இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்கான வழிகாட்டியில் சொன்னதை, பழகிவிட்டேன் என்று சொல்பவர்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். குறைக்க முடிந்த சத்தத்தைக் குறைப்பதே முதல் வேலை. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டினால் முடிந்துபோகும் காரியம் இது. நீலவானம், மேல்மாடியில் போய்க் கேட்டுப் பாருங்கள், தயங்காதீர்கள்.

#9 நீலவானம்

கேட்டுவிட்டேன். கீழே இவ்வளவு கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம். அவர்கள் காதில் அது விழுவதே இல்லை என்றார்கள். எல்லோருக்கும் நன்றி, இழை தொடரட்டும், நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

#10 இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்களுக்கு இந்த விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஒரு படுக்கையைச் சுற்றி மானிட்டர், வென்டிலேட்டர், மருந்து ஏற்றும் பம்ப் என்று ஒவ்வொன்றும் ஒரு குரலில் கத்தும். நோயாளி கையைத் திருப்பிப் படுத்தால் விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் கிளிப் நழுவும், அளவு 70-க்கு இறங்கிவிட்டதாக மானிட்டர் அலறும். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். கிளிப்பைச் சரி செய்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த படுக்கையில் பம்ப். ஒரு ஷிப்டில் இது எத்தனை தடவை நடக்கும் என்று எண்ணவே முடியாது.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-இல் விட்ட எச்சரிக்கையில், 85 முதல் 99 சதவீத அலாரங்களுக்கு எந்தச் சிகிச்சை நடவடிக்கையும் தேவைப்படுவதில்லை என்று எழுதியிருக்கிறது. 2009 ஜனவரியில் இருந்து 2012 ஜூன் வரை அலாரம் சம்பந்தமாக அவர்களுக்கு வந்த அறிக்கைகள் 98, அதில் 80 பேர் இறந்திருக்கிறார்கள். இப்படி ஒன்று நடந்தால் "செவிலியர் கவனக்குறைவு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கவனமான செவிலியரின் மூளைதான் இதைக் கற்றுக்கொள்கிறது என்பதை யாராவது சொன்னால் தேவலை. நூறு முறை ஒன்றும் இல்லாத சத்தத்துக்கு நூற்றோராவது முறை துள்ளியெழ எந்த நரம்பு மண்டலமும் படைக்கப்படவில்லை.

#11 திரைவடிவம்

இரவுப்பணி அக்கா, உங்கள் பதிவைப் படித்து வெகுநேரம் யோசித்தேன். நான் கணினித் திரைகளை வடிவமைக்கிறேன். எச்சரிக்கைப் பெட்டிகளில் எங்களுக்கும் இதே பிரச்சினை. 2015-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆட்களை, மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனரில் படுக்கவைத்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் காட்டினார்கள். இரண்டாவது முறை காட்டும்போதே பார்வை சார்ந்த மூளைப் பகுதிகளின் செயல்பாடு வெகுவாக இறங்கிவிட்டது. பத்தாவது முறை இல்லை, இரண்டாவது முறை! நிறம், வடிவம், அசைவு என்று ஒவ்வொரு முறையும் தோற்றத்தை மாற்றிக் காட்டியபோது அந்த இறக்கம் குறைவாக இருந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக ஒப்பந்தத்தின் 11-ஆவது பிரிவும் புகையிலைப் பெட்டிகளில் உள்ள எச்சரிக்கைகளைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்கிறது. அலாரங்களின் ஒலியையும் அப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன?

#12 இரவுப்பணி

வேண்டாம் தம்பி. எந்தச் சத்தம் எந்த மெஷின் என்று யோசிக்காமல் தெரிய வேண்டிய இடம் அது. மாற்றிக்கொண்டே இருந்தால் அவசரத்தில் தடுமாறுவோம். புதுசும் நாலு நாளில் பழசாகிவிடும். எங்களுக்கு உதவியது சத்தத்தைக் குறைத்ததுதான். எல்லா நோயாளிக்கும் ஒரே வரம்பு வைக்காமல் ஆளுக்கு ஏற்ப வரம்பை மாற்றி வைப்பது, நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி மின்முனைகளை அன்றாடம் புதிதாக ஒட்டுவது. காய்ந்துபோன மின்முனை கொடுக்கும் பொய் அலாரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒலிப்பது அரிதானால் கேட்கும்போது கால் தானாக ஓடுகிறது.

#13 பாதுகாப்புப்பிரிவு

மூக்கைப் பற்றி மேலே வந்ததால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கழிவுநீர்த் தொட்டி, எண்ணெய்க் கிணறு, மூடிய குழிகளில் இருக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் வாசனை நரம்பே செயலற்றுவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைத்த இடத்தில் ஆபத்து கூடியிருக்கும். இது மூளை பழகுவதும் இல்லை, மூக்கு நஞ்சால் மரத்துப்போவது. சமையல் எரிவாயுவில் கலக்கும் நாற்றமும் அப்படித்தான், கசிவுள்ள அறையிலேயே இருப்பவருக்குக் கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போகும். வெளியிலிருந்து வருபவர் நாற்றம் அடிக்கிறது என்றால் அவரை நம்புங்கள். குழிக்குள் இறங்குமுன் கருவியால் அளந்தே ஆக வேண்டும்.

#14 செவியிரைச்சல்

எனக்கு இரண்டு காதிலும் ஓயாத ரீங்காரம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, ஆபத்தான காரணம் ஏதும் இல்லை, பழகிக்கொள்ளுங்கள் என்றார். இரவில் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி அமைதியாக வைத்தால் இன்னும் அதிகமாகக் கேட்கிறது. இதற்குப் பழகவே முடியாதா? உள்ளொலி, நீங்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

#15 உள்ளொலி

முடியும், பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் ஆகிறது. ஆனால் "பழகிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டால் எப்படி என்று தெரிய வேண்டாமா? 1990-இல் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் முன்வைத்த விளக்கப்படி, ரீங்காரம் தொல்லையாவதற்கு அதன் உரப்பு முக்கியக் காரணம் ஆகாது. மூளை அதற்கு "ஆபத்து" என்று முத்திரை குத்தியதுதான் காரணம். முத்திரை இருக்கும்வரை அது பழகாது. ஆகவே முழு அமைதியைத் தேடாதீர்கள், அமைதியில் அது ஒன்றுதான் மிஞ்சும். மெல்லிய மழை ஒலியோ மின்விசிறியோ ஓடட்டும், ரீங்காரத்தை முழுக்க மூடிவிடாத அளவுக்கு. முற்றிலும் மூடினால் மூளைக்கு அதைப் பழகிக்கொள்ள வாய்ப்பே இல்லை. இருக்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் சோதித்துப் பார்ப்பதையும் விட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று, ஒரு பக்கம் மட்டும் ரீங்காரம், நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்பது, திடீரென்று கேட்கும் திறன் குறைவது, இவை இருந்தால் காத்திருக்காமல் காது மருத்துவரிடம் போக வேண்டும்.

பயங்களைப் போக்கும் சிகிச்சையிலும் இந்த விவாதம் நடக்கிறது. பயப்படும் பொருளின் அருகிலேயே இருந்தால் பதற்றம் அடங்கும், அந்த அடங்கலே குணம் என்று 1986-இல் ஃபோவாவும் கோசாக்கும் எழுதினார்கள். மிஷெல் கிராஸ்க் போன்றவர்கள் பின்னர் அதை மறுத்தார்கள். அமர்வுக்குள் பதற்றம் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துக் குணத்தைக் கணிக்க முடியவில்லை, "நினைத்த விபரீதம் நடக்கவில்லை" என்று புதிதாகக் கற்றதே வேலை செய்கிறது என்றார்கள். நான் பார்த்தவரை இரண்டாவது கட்சிதான் பலமானது.

#16 உயிரியல்மாணவி

"முத்திரை" என்று நீங்கள் சொன்னதும் கடல்நாய்கள் நினைவுக்கு வந்தன. பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் இரண்டு வகை ஓர்கா திமிங்கலங்கள் திரிகின்றன. ஒரு வகை மீன் மட்டும் தின்னும், இன்னொரு வகை கடல்நாய்களை வேட்டையாடும். இரண்டின் குரலும் வேறு. டீக்கே, ஸ்லேட்டர், ஃபோர்டு மூவரும் நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து அந்தக் குரல்களை ஒலிக்கவிட்டார்கள். வேட்டையாடும் ஓர்காவின் குரல் கேட்டதும் கடல்நாய்கள் விலகி ஓடின. தங்கள் பகுதியில் திரியும் மீன்தின்னி ஓர்காவின் குரலைச் சட்டை செய்யவில்லை. அப்புறம்தான் அசல் சோதனை. வேறு பகுதியைச் சேர்ந்த, அவை கேட்டே இராத மீன்தின்னி ஓர்காவின் குரல். அதற்கும் ஓடின! 2002-இல் நேச்சர் இதழில் வந்தது. அதாவது எல்லா ஓர்காவுக்கும் அஞ்சுவதே அவற்றின் தொடக்கம். ஒன்றும் செய்யாதது எது என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக விலக்குகின்றன. பயத்தைக் கற்பதைவிட இது பாதுகாப்பான வழி, ஏனென்றால் பயத்தைக் கற்க முதல் தாக்குதலில் பிழைத்திருக்க வேண்டும்.

#17 பிறைநிலா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் கைக்குழந்தை தூங்கும்போது பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டினால் முதலில் சிணுங்குகிறாள், அப்புறம் கண்டுகொள்வதே இல்லை. காது கேட்கிறதா என்று பயமாக இருக்கிறது. இந்த இழையைப் படித்த பிறகு இன்னும் குழப்பம்.

#18 இரவுப்பணி

பயப்படாதே அம்மா. முதலில் சிணுங்கிவிட்டுப் பிறகு அடங்குகிறாள் என்றால் அவளுக்குக் கேட்டிருக்கிறது, கேட்டதை விலக்கவும் கற்றிருக்கிறாள். 1973-இல் வந்த பிரேசல்டன் அளவீட்டில் தூங்கும் பிறந்த குழந்தைக்கு வெளிச்சம், கிலுகிலுப்பை, மணி எல்லாம் திரும்பத் திரும்பக் காட்டிப் பார்ப்பார்கள். எத்தனை முறைக்குப் பிறகு அடங்குகிறது என்பதையே நரம்பு மண்டலத்தின் நலத்துக்கு ஓர் அடையாளமாகக் குறிப்பார்கள். முதல் முறையே எந்த அசைவும் இல்லை, விழித்திருக்கும்போதும் இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் கிலுகிலுப்பையை வைத்து நாமே முடிவு செய்யக் கூடாது, பகுதிக் குறைபாடு இதில் பிடிபடாது. பிறந்தவுடன் செவித்திறன் பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பார். இல்லையென்றால் ஓஏஇ பரிசோதனை கேட்டுச் செய்துவிடு. தூங்கும் குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைப்பார்கள், சில நிமிடம்தான், வலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவது, இதுதான் பின்பற்றும் கால வரம்பு.

#19 பிறைநிலா

தாளைப் பார்த்தேன் அக்கா, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. காலையில் போன் செய்து நேரம் வாங்குகிறேன்.